மேல் டிவிசனுக்குப் போகும் பஸ்

1

போன மாதம் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். கண்ணாடியில் செய்து மரக்கட்டையில் நட்டு வைத்தது. ‘விடாமுயற்சிச் செம்மல்’ என்று பொன்னிறத்தில் எழுதி, கீழே சாந்தகுமாரி என்ற என் பெயரில் ஒரு துணைக்காலை மறந்து ‘சாந்தகுமரி’ என்று போட்டிருந்தார்கள். டொராண்டோவில் நாங்கள் இருக்கும் பகுதியில் ஒரு தமிழ்ச் சங்கம் உண்டு. ஆண்டுவிழா வந்தால் யாராவது நாலு பேரைப் பிடித்துச் செம்மல் ஆக்காமல் அதற்குப் பொழுது போகாது. இந்த முறை அகப்பட்டது நான்.

நான் செய்த சாதனை இதுதான். மாலையில் கந்தோர்களை, அதாவது அலுவலகங்களை, கூட்டித் துடைக்கும் வேலை பார்த்துக்கொண்டு, தாதியாவதற்கான பரீட்சையில் இரண்டு தடவை பெயிலாகி, மூன்றாவது தடவை பாஸானேன். முதல் தடவை பெயிலானதற்குக் காரணம் நான் படிக்காதது. இரண்டாவது தடவைக்கும் அதுதான் காரணம். மூன்றாவது தடவை படித்தேன். இதில் மற்றவர்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

சங்கத் தலைவருக்கு விளங்கியிருக்கிறது. அவர் இளைப்பாறிய கணக்காளர், யாழ்ப்பாணத்துக்காரர், பேசும்போது எப்போதும் ஒரு மேடைக்கு மேல் நிற்பவர்போலவே பேசுவார். போனில் கூப்பிட்டுச் சொன்னார்: “தங்கச்சி, பிள்ளையளுக்கு விடாமுயற்சியைப் பற்றி ஒரு பத்து நிமிசம் கதைக்கவேணும். நீங்கள் தோட்டத்திலயிருந்து வெளிக்கிட்டு இவ்வளவு தூரம் வந்த ஆள். அதைக் கட்டாயம் சொல்லுங்கோ. அப்பதான் சனத்துக்குப் பிடிபடும்.”

என் கணவர் குகனும் யாழ்ப்பாணத்தவர்தான். அவரிடம் யாரும் ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள்’ என்று சொன்னது கிடையாது. இத்தனைக்கும் இருவரும் ஒரே விமானத்தில், பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் வந்தோம்.

“போய்க் கதையுமன், நல்ல விசயம்தானே,” என்றார் குகன்.

“எதைக் கதைக்க? படிக்காம பெயிலான கதையையா?”

“அதைச் சொல்லாதையும். மிச்சத்தைச் சொல்லும்.”

மிச்சம் என்று பார்த்தால், அது என் கதையில்லை. என் அக்காவின் கதை. அதைத்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

அதற்கு முன் என் மகளைப் பற்றி. மிதுனாவுக்குப் பதினாறு வயது. அவளுடைய பள்ளிக்கூடத்தில் ‘ரெசிலியன்ஸ்’ வாரம் என்று ஒன்று வருகிறது. விழுந்தால் எழும்பும் குணத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். பிள்ளைகளுக்கு ஊதா நிறத்தில் சட்டை கொடுப்பார்கள். நெஞ்சில் ‘கைவிடாதே’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். நடைபாதைச் சுவரெல்லாம் மலையேறும் மனிதனின் படம். எந்தப் பிள்ளையும் எதையும் கைவிடும் அபாயத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மிதுவின் தோழி ஒருத்தி கரப்பந்தாட்டக் குழுவில் எடுபடாமல் போனதைப் பற்றி அழுது அழுது ஒரு கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாள்.

குடும்பத்தில் விடாமுயற்சி உள்ள ஒருவரைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். மிது என்னிடம் வந்தாள். நான் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். ஒரு பஸ்ஸுக்காகப் பெரியம்மா வருஷக்கணக்கில் அலைந்தார் என்றதும் அவள் கேட்டாள், “பெரியம்மா ஏன் வேற இடத்துக்கு மூவ் பண்ணல்ல?”

அவளைக் கோபிக்க முடியாது. இங்கே பஸ் வராத இடத்தில் வீடு எடுப்பவர்கள், பஸ் தேவைப்படாதவர்கள். அக்கா இருக்கும் லயக் காம்பராவுக்கு, தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறைக்கு, அவள் சொந்தக்காரியும் இல்லை, வாடகைக்காரியும் இல்லை; தோட்டத்தில் வேலை செய்யும்வரை அதில் இருக்கலாம், அவ்வளவுதான். அதை விற்றுவிட்டு எங்கேயும் போக முடியாது. இதை விளங்கப்படுத்தப் போனால் இருநூறு வருஷத்துக் கதை சொல்லவேண்டும். மிதுவின் தமிழ் அவ்வளவு தூரம் தாங்காது. என் ஆங்கிலமும்தான்.

நடுவில் இன்னொரு சிக்கல். பஸ் டிப்போவில் அக்காவிடம் ‘ஹெட்ட என்ன’ என்று சொல்லி அனுப்பினார்கள் என்றேன். மிது புருவத்தைச் சுருக்கி, “ஹெட்ட என்றா என்ன?” என்று கேட்டாள். ஹெட்ட என்றால் சிங்களத்தில் நாளை. என்ன என்றால் வாருங்கள். நாளைக்கு வாருங்கள் என்று அர்த்தம் என்றேன். “அப்ப பெரியம்மா நாளைக்குப் போனாவா?” என்றாள்.

போனாள். அதுதான் கதை.

3

அக்காவின் பெயர் யோகேஸ்வரி. மடுல்கெல்ல டவுனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், அதாவது மேல் பகுதியில், இருக்கிறாள். பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போவது அங்கேதான். மேல் டிவிசன் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புவரை உண்டு. அதற்கு மேல் படிக்க டவுனுக்கு இறங்கவேண்டும். தேயிலைக்குள்ளால் வளைந்து வளைந்து போகும் ரோடு, ஐந்து மைலுக்குக் குறையாது.

எங்கள் காலத்தில் பஸ் கிடையாது. ஆனால் அப்பாவுக்குக் கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு முஸ்லிம் வியாபாரியைப் பழக்கம். அவருடைய மனைவி ஸீனத் லாத்தா (லாத்தா என்றால் அக்கா), பெண்பிள்ளை ஒருத்தியைத் தன் வீட்டில் வைத்துப் படிக்க வைக்கலாம் என்றார். ஒருத்திக்குத்தான் இடம். அக்கா அப்போது ஒன்பது முடித்துவிட்டு அம்மாவோடு கொழுந்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் முடிக்கும் தறுவாயில் இருந்தேன். நான் போனேன். பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டில் லாத்தா எனக்குச் சோறு போட்டு, தன் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் அனுப்பினார். என்னைச் செம்மல் ஆக்கியது ஸீனத் லாத்தா வீட்டுக் கட்டில். தலைவருக்கு அதெல்லாம் வேண்டாம். கட்டிலுக்குக் கேடயம் கொடுக்க முடியாது.

நான் வெளிநாடு வந்த பிறகு மேல் டிவிசனுக்கு பஸ் வரத் தொடங்கியது. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. மேலிருந்து பிள்ளைகள் டவுனுக்குப் போய்ப் பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு, சிலர் அதற்கும் மேல் உயர்தரம்கூடப் படித்தார்கள். அக்காவின் மகள் தர்ஷினி ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு மழைக்கு மதகு உடைந்தது. பஸ் நின்றது. மதகைத் திருத்தினார்கள். பஸ் வரவில்லை.

அக்கா டிப்போவுக்குப் போனாள். ரோடு தோட்டத்துக்குச் சொந்தம், தோட்ட மேனேஜரான துரையிடம் கேளுங்கள் என்றார்கள். துரை, ரோடு பிரதேச சபைக்குக் கொடுத்தாயிற்று என்றார். பிரதேச சபையில், ரோட்டைப் பற்றி எங்களிடம் கேளுங்கள், பஸ்ஸைப் பற்றி டிப்போவில் கேளுங்கள் என்றார்கள். டிப்போவில் பெரியவர் இல்லை, ஹெட்ட என்ன. மறுநாள் பெரியவர் இருந்தார், கூட்டத்தில் இருந்தார். பொதுமக்கள் நாளான புதன்கிழமை வரச் சொன்னார்கள். புதன்கிழமை போனால், அந்தப் பொறுப்பில் இருப்பவர் லீவு.

அந்த மேசைகளுக்குப் பின்னால் இருந்தவர்களில் சிங்களவரும் இருந்தார்கள், தமிழரும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். அக்காவைத் திருப்பி அனுப்பும் விஷயத்தில் மட்டும் நாட்டில் இன ஒற்றுமை பூரணமாக இருந்தது. ஒரு தமிழ் உத்தியோகத்தர், “உங்க ஆக்களுக்கு எல்லாம் வாசலுக்கே வரணும்,” என்று சொல்லியிருக்கிறார். அவர் டிப்போ காரில் வீட்டு வாசலில் இறங்குபவர்.

பிறகு நாடு முழுக்க டீசல் தட்டுப்பாடு, டீசல் வரிசைகளின் காலம் வந்தது. அது அவர்களுக்கு வரப்பிரசாதம். ஒரு வருஷத்துக்குக் காரணம் தேடவேண்டிய அவசியமில்லாமல் போயிற்று.

4

டீசல் வந்ததும் அக்கா திரும்பவும் போனாள். இந்தத் தடவை ரோடு பழுது என்றார்கள். உண்மையிலேயே பழுதுதான். அக்கா லயம் லயமாகப் போய்ச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் பெண்கள் எல்லாரும் இறங்கிக் கல் நிரப்பி, மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டினார்கள். அக்காவின் புருஷன் பெரியசாமி மச்சானும் முணுமுணுத்துக்கொண்டே கூடை சுமந்தார். டிப்போவிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்து பார்த்தார். ரோடு நல்லாயிருக்கு என்றார். பிளேன் டீ குடித்தார். அந்த ரோட்டில் பஸ் ஓட்டுவதற்குப் பயணிகள் போதாது என்று எழுதிவிட்டுப் போனார்.

அடுத்து எலெக்ஷன். ஒரு அரசியல்வாதி மேல் டிவிசனுக்கு வந்தார். அவருடைய கட்சியைச் சொல்லவேண்டியதில்லை; எந்தக் கட்சியை நினைத்தாலும் சரியாக இருக்கும். கோயிலுக்கு முன்னால் மேடை போட்டு, இந்த மக்களின் விடாமுயற்சிக்குத் தலைவணங்குகிறேன் என்றார். அடுத்த வாரமே ஒரு பஸ் வந்தது. இரண்டு பக்கமும் வாழைமரம், முன் கண்ணாடியில் மாலை, அதற்கு மேலே அவருடைய முகம். பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். அக்கா அன்று பின்னேரம் எனக்குப் போன் எடுத்தாள். இங்கே விடிகாலை, நான் அப்போதுதான் எழும்பியிருந்தேன். அவள் பேசவில்லை, போனை வெளியே பிடித்து ஹோர்ன் சத்தத்தைக் கேட்கவைத்தாள்.

வாக்குச் சாவடி மூடிய மறுநாள் பஸ்ஸும் நின்றது.

என்னைக் கேட்டால், அதுதான் எல்லாவற்றிலும் கேவலம். இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்பவனைக் கொஞ்சமாவது மதிக்கலாம். கொடுத்துப் பார்க்கவைத்துப் பிடுங்குபவன் வேறு ஜாதி மிருகம். அதற்குப் பிறகு டிவிசனில் அக்காவைப் பார்த்தால் இளைஞர்கள் வாயால் ஹோர்ன் அடித்தார்கள். ‘யோகேஸ் டிராவல்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். மச்சான் அக்காவிடம், இனிப் போக வேண்டாம், மானம் போகுது என்று சொல்லிவிட்டார். ஆரத்தி எடுத்த பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஏமாந்த வெட்கத்தை அந்த அரசியல்வாதியிடம் காட்ட முடியாது. பிள்ளைக் காம்பராக்காரியிடம் காட்டலாம்.

நான்கூடச் சொன்னேன், விட்டுவிடு அக்கா என்று. தர்ஷினியை நான் பார்த்துக்கொள்கிறேன், கண்டியில் ஒரு போர்டிங்கில் விடு என்றேன்.

“தர்ஷினிக்கு நீ இருக்க. அடுத்த வீட்டுப் புள்ளைக்கு யாரு இருக்கா?” என்றாள்.

தர்ஷினியும் போர்டிங் வேண்டாம் என்றாள். அம்மாவை விட்டுவிட்டுப் போக மாட்டாளாம்.

5

அதனால் தர்ஷினி, பத்தாம் வகுப்பிலிருந்து நடந்ததுபோலவே, தொடர்ந்து நடந்தாள். அவளும் இன்னும் நாலு பெண்பிள்ளைகளும். காலையில் பனிமூட்டத்துக்குள் இறங்கி, கால்களில் கடித்த அட்டைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, டவுன் குழாயில் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். வெள்ளைச் சீருடையில் எப்போதும் ஒரு இரத்தப் பொட்டு இருக்குமாம். ஆசிரியை ஒருத்தி அதைச் சுத்தக் குறைவு என்று ஏசியிருக்கிறாள். அப்படியே பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணி உயர்தரத்துக்கும் போனாள் தர்ஷினி. நாலு பேரில் இரண்டு பேர் அதற்குள் நின்றுவிட்டார்கள்.

ஆளுயர மானாப்புல் காட்டைச் சுற்றும் ஒரு வளைவில் கொஞ்ச நாளாக இரண்டு ஆட்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு இருந்தார்கள். முதலில் பேச்சு. பிறகு ஒருநாள், கூடப் போன பிள்ளை ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்தார்கள். தர்ஷினி புத்தகப் பையால் அடித்து, எல்லாருமாகக் கத்தி, கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்ததும் அவன்கள் போய்விட்டான்கள். பொலிசில் முறைப்பாடு எடுத்தார்கள். பெண்பிள்ளைகள் ஏன் அந்த வழியால் தனியாகப் போகிறார்கள் என்று கேட்டார்கள். வேறு வழி எது என்று அக்கா கேட்டதும் முறைப்பாட்டுப் புத்தகத்தை மூடினார்கள்.

அடுத்த நாள் எந்தப் பிள்ளையும் இறங்கவில்லை. அந்த வாரமே மச்சான் தர்ஷினியை நிறுத்திவிட்டார். அக்கா சண்டை பிடித்தாள், தோற்றாள். தர்ஷினி அவர் சொன்னபடி செய்தாள். புத்தகங்களைக் கட்டி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, இரண்டு மாதத்தில் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். நான் போன் எடுத்து எவ்வளவோ சொன்னேன். “பயமா இருக்கு சித்தி. படிக்கணும்னு ஆசையே போயிருச்சு,” என்றாள். பதினெட்டு வயதுப் பிள்ளை, அறுபது வயதுக்காரியின் குரலில் அதைச் சொன்னாள்.

எந்தச் சாதனைப் பேச்சாளரும் இந்த இடத்துக்கு வரமாட்டார். அவர்களுடைய கதைகளில் முயற்சி செய்கிறவருக்குத்தான் தோல்வி வரும், அவர் எழும்புவார், கைதட்டல். தாய் முயற்சி செய்துகொண்டிருக்கும்போதே மகளின் காலம் கடந்துபோவதை அவர்கள் சொல்வதில்லை. விடாமுயற்சி எடுக்கும் நேரத்தை இன்னொருவர் தன் வாழ்க்கையிலிருந்து கொடுக்கவேண்டியிருக்கிறது.

தர்ஷினியைக் கொழும்புக்கு ஏற்றிவிட்டு வந்த வாரம், அக்கா புதன்கிழமை டிப்போவுக்குப் போனாள் என்று கேட்டு எனக்குக் கோபமே வந்தது. இனி எதற்கு என்று கேட்டேன்.

அக்கா சொன்னாள், “இப்ப விட்டேன்னா, என் மக படிக்கத்தான் இம்புட்டும் செஞ்சேன்னு ஆயிரும் சாந்தி. பஸ்ஸு அவளுக்கு மட்டும் கேட்கலையே.”

6

மடுல்கெல்லதான் கண்டி பஸ்ஸின் கடைசித் தரிப்பு. பின்னேரம் வரும் பஸ் பயணிகளை இறக்கிவிட்டு, சாரதியும் கண்டக்டரும் டீ குடித்துக் களைப்பாறி, பிறகு திரும்பிப் போகும். ஒருநாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், அக்கா, தாய்மாரின் துணையோடு மறுபடி இறங்கத் தொடங்கியிருந்த மேல் டிவிசன் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரையும் அவர்களுடைய தாய்மார் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு, ஒரு தரிப்பு முன்னாலேயே அந்த பஸ்ஸில் ஏறினாள். முறையாக டிக்கெட் எடுத்தார்கள். டவுனில் எல்லாரும் இறங்கினார்கள். இவர்கள் இறங்கவில்லை.

கண்டக்டர் இது கடைசி ஹோல்ட் என்றான்.

அக்கா சிங்களத்தில் சொன்னாளாம், “தெரியும் தம்பி. ஆனா எங்க எடம் இன்னும் வரல்லையே.”

அவன் சிரித்தான். பிறகு கத்தினான். சாரதி வந்தார், பண்டார என்று பெயர், வயதானவர், கோபக்காரர். இறங்காவிட்டால் பொலிசுக்குச் சொல்வேன் என்றார். சொல்லுங்கள் என்றாள் அக்கா. ஒரு கான்ஸ்டபிள் வந்து, எட்டிப் பார்த்து, சீருடை போட்ட பிள்ளைகளைக் கண்டுவிட்டு, இது டிப்போ விஷயம் என்று சொல்லிவிட்டுப் போனார். கீழே கண்டிக்குப் போகக் காத்திருந்த சனம் ஏசியது. பிள்ளைகளில் ஒன்று அழத் தொடங்கியது. பஸ் கண்டிக்குப் புறப்பட முடியாமல் நின்றது. இருட்டுவதற்கு முன் அக்கா எல்லாரையும் இறக்கிக்கொண்டு மேலே நடந்தாள். மறுநாள் பின்னேரமும் ஏறினார்கள். அன்றும் இறங்கவில்லை.

இத்தனை வருஷம் மேல் டிவிசன் சனம் நடந்ததில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. இப்போது கண்டிக்குப் போகவேண்டியவர்களுக்குத் தாமதம். டிப்போவின் போன் அடிக்கத் தொடங்கியது. நாட்டில் நியாயம் இப்படித்தான் நகர்கிறது: நடப்பவர்களின் கஷ்டத்தால் அல்ல, உட்கார்ந்திருப்பவர்களின் அவசரத்தால்.

மூன்றாம் நாள் டிப்போவில் யாரோ பெரியவர் போனில் சாரதியைக் கூப்பிட்டு ஏசினார். பண்டார பஸ்ஸின் படியில் நின்றபடி, அக்காவுக்குக் கேட்கவே பேசினார். மேலே போய்வர முக்கால் மணித்தியாலம்தான் சேர், இங்கே நின்று இவர்களோடு சண்டை பிடிப்பதற்கு ஒரு மணித்தியாலம் போகிறது என்றார். எலெக்ஷனுக்கு மாலை கட்டிக்கொண்டு அந்த பஸ்ஸை ஏற்றியவனும் நான்தான், ரோட்டில் ஒரு பிழையும் இல்லை என்றார். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். பண்டார போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஏறி உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

“அத விதரய் நோனா.” இன்றைக்கு மட்டும்தான் அம்மா.

அந்த ‘இன்றைக்கு மட்டும்’ இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. சில நாள் வராது. அடுத்த நாள் வரும். யாரும் எந்தக் கந்தோரிலும் அதற்கு அனுமதி கொடுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து அதே அரசியல்வாதி வந்து, தரிப்பில் ஒரு பலகை நாட்டி, அதில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். அக்காவை அழைக்கவில்லை. அவள் பிள்ளைக் காம்பராவில் யாருடையதோ குழந்தைக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தாளாம். பட்டாசுச் சத்தத்தில் பிள்ளைகள் எல்லாம் எழும்பி அழுததுதான் அவளுக்குக் கோபம்.

தர்ஷினி அந்த வருஷம் தீபாவளிக்கு அதே பஸ்ஸில் வந்து இறங்கினாள். திரும்பப் பள்ளிக்கூடம் போ என்று அக்கா கெஞ்சிப் பார்த்தாள். அவள் போகவில்லை. லீவு முடிந்ததும் அதே பஸ்ஸில் ஏறிக் கொழும்புக்குப் போனாள்.

7

விழாவில் பட்டுச்சேலை கட்டிய பெண்கள் எனக்கு ஆரத்தி எடுத்தார்கள். மண்டபம் நிறையச் சனம். முன்வரிசையில் பிள்ளைகள், கையில் போன். எனக்கு முன்னால் பேசிய ஒருவர், தோல்வியே கிடையாது, பாடம் மட்டும்தான் உண்டு என்றார். பாடத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று சொல்லாமல் உட்கார்ந்தார்.

நான் தோட்டத்திலிருந்து வந்த ஆள் என்பதைச் சொன்னேன், தலைவர் தலையாட்டினார். பிறகு பஸ் கதையைச் சொன்னேன். தர்ஷினியையும் சொன்னேன். கடைசியில் எழுதி வைத்திராத ஒன்று வாயில் வந்துவிட்டது.

“நான் மூன்று தடவை பரீட்சை எழுதினேன். மூன்று தடவையும் பரீட்சை சொன்ன நாளில் நடந்தது. கதவு திறந்திருந்தது. அதை விடாமுயற்சி என்று சொல்லாதீர்கள். என் அக்கா செய்ததையும் புகழாதீர்கள். அவளுக்கு வரவேண்டிய பஸ்ஸை நிறுத்தியவர்களும் அவளைப் புகழ்ந்தவர்கள்தான். ஒரு மனுஷி இப்படி முயற்சி செய்யவேண்டி வந்ததற்கு யாராவது வெட்கப்பட்டால் போதும்.”

கைதட்டல் வரவில்லை, இரண்டு மூன்று பேர் தொடங்கிவிட்டு நிறுத்தினார்கள். தலைவர் ஒலிவாங்கியை வாங்கி, சகோதரி உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்றும், எல்லாருக்கும் கொத்து ரொட்டி தயார் என்றும் அறிவித்தார். கொத்து ரொட்டிக்கு நல்ல வரவேற்பு. வரிசையில் நிற்கும்போது ஒரு அம்மா என் தோளைத் தொட்டு, “நல்லாக் கதைச்சனீர் பிள்ளை. ஆனா பிள்ளையளுக்கு முன்னால கொஞ்சம் பொசிட்டிவ்வா முடிச்சிருக்கலாம்,” என்றார்.

காரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். மிது பின்னால் இருந்து, “அம்மா, தர்ஷினி அக்காவிட நம்பர் இருக்கா?” என்று கேட்டாள். கொடுத்தேன். இருவரும் இப்போது ஏதோ அனுப்பிக்கொள்கிறார்கள். அரைகுறைத் தமிழும் அரைகுறை ஆங்கிலமும். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கட்டுரையை மிது என் பரீட்சையைப் பற்றியே எழுதிக் கொடுத்துவிட்டாள். பெரியம்மாவின் கதைக்கு முடிவு சரியில்லையாம்.

8

போன ஞாயிறு காலை அக்காவிடமிருந்து போன். அவளுக்கு அப்போது பின்னேரம். டவுனில் சாமான் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறாள், வந்ததும் வராததுமாக எடுத்திருக்கிறாள். குரலில் சிரிப்பு. என்ன என்று கேட்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஏதோ விசேஷ வகுப்பாம், பஸ் நிறையப் பிள்ளைகள். மேல் டிவிசன் பிள்ளைகள்தான், உயர்தரம் படிப்பவர்கள், எல்லாம் பெண்பிள்ளைகள். இவள் பஸ்ஸுக்கு அலைந்ததெல்லாம் அவர்களுக்கு நினைவில் இல்லை. பக்கத்து லயத்துப் பிள்ளை ஒருத்தி கதிரையில் தானும் உட்கார்ந்து, பக்கத்தில் புத்தகப் பையையும் உட்காரவைத்திருக்கிறாள். அக்கா சாமான் பையோடு நின்றுகொண்டு வந்திருக்கிறாள். அந்தப் பிள்ளை வழிநெடுகத் தோழியிடம் குறை சொல்லிக்கொண்டே வந்ததாம்: பஸ் பழசு, பஸ் லேட்டு, டிரைவர் சரியில்லை, இந்த டிவிசனில் எதுவும் ஒழுங்காக நடக்காது.

“நீ ஒண்ணும் சொல்லலையா?” என்று கேட்டேன். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னத்தச் சொல்ல? என்னப் பாத்து, ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காலை மிதிக்கிறீங்க’ன்னு சொல்லுது சாந்தி. கால்ல வெள்ளை சப்பாத்து. ஒரு பொட்டு அழுக்கு இல்ல, ரத்தமும் இல்ல.”

அதைச் சொல்லிவிட்டு அக்கா மறுபடியும் சிரிக்கத் தொடங்கினாள்.